வேண்டாமென்று சொன்ன கொடுப்பனவு

பெயர்: சிவாஜினி நகுலேஸ்வரன். வயது: 51. வதிவிடம்: மொன்றியல், மேற்குத் தீவு. தொழில்: நகரசபை உறுப்பினர். மொழிபெயர்ப்பாளர்: யோகராணி.

உதவிப்பண மேன்முறையீட்டு விசாரணையில் நான் கூறுவதாவது: என் கணவர் நகுலேஸ்வரன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்தவர். முதுகு வருத்தத்தால் வேலையை விட்ட பிறகு நாங்கள் இருவரும் அரசாங்க உதவிப்பணத்தில் வாழ்ந்து வருகிறோம். கடந்த நவம்பர்த் தேர்தலில், நடைபாதைப் பனியை நேரத்துக்கு அகற்றுவிப்பேன் என்று வாக்குக் கேட்டு நகரசபைக்குத் தெரிவானேன். அதன் பிறகு தமிழர் மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். எனக்கு முன் பேசியவர், அரசியலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் காசுக்குத்தான் வருகிறார்கள் என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பொன்னாடையோடு மைக்கை வாங்கி, உறுப்பினர் கொடுப்பனவில் ஒரு சதமும் தொடமாட்டேன் என்றேன். மண்டபமே கைதட்டியது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கணவர், "ரெண்டுபேரின்ர காசையெல்லோ நீர் தனிய வேண்டாமெண்டு சொல்லிப்போட்டீர்" என்றார். நான் பொன்னாடையை மடித்து வைத்தேன்.

அதன் பிறகு உதவிப்பண அலுவலகத்துக்கு நானே போய் விவரத்தைத் தெரிவித்தேன். கிடைக்கக்கூடிய பணத்தை வேண்டாமென்று சொன்னாலும் அது வருமானமே என்று அதிகாரி விளக்கினார். வாங்காத கொடுப்பனவை எங்கள் உதவிப்பணத்தில் கழித்தார்கள். வாடகை பிந்தியது. வெப்பமூட்டியைக் குறைத்தோம். கணவர் சந்தையில் போட்ட தடித்த ஜாக்கெட்டை வீட்டுக்குள்ளும் போட்டிருந்தார். பனியைப் பற்றி என்னிடம் முறையிட வருகிறவர்களிடம், இப்போதுதான் வெளியே போய்வந்தேன் என்பார். நான் அவர்களுக்குத் தேநீர் கொடுப்பேன். அவர்களில் பலர் அன்று கைதட்டியவர்கள். அவர்கள்மேல் குறையில்லை. வெட்கத்தில் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அதன் பிறகு வீட்டுச் சொந்தக்காரர் எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி அறிவித்தல் தந்தார். பதவியை விட்டுவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். "பதவியை விடவேண்டாம். சொன்ன சொல்லை விடும்" என்றார்.

அதன் பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை, அதே மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் மைக்கைக் கேட்டு வாங்கினேன். இனிக் கொடுப்பனவை எடுப்பேன், எடுக்காவிட்டால் இருக்க வீடில்லை என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. மண்டபத்துக்குள் நல்ல சூடு. கணவர் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் வாங்காத மாதங்களுக்குக் கழித்த பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். இது தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. முதல்முறை மைக்கில் சொன்னதையும் அன்று உண்மையாகவே சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டு ஒப்பமிடுகிறேன்.

ஒப்பம்: ந. சிவாஜினி