கிரேனிலிருந்து பார்த்த ஏரி

சிவாஜிநகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஏரியையும் வயல்களையும் உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று அவர்கள் மடியில் கிடந்தது.

“இந்தச் செவப்புப் புள்ளி நீதான்,” என்றார் கணவர்.

“நானா?”

“ஏரிக்கரையோட எனக்குச் சாப்பாடு எடுத்துட்டு வருவியே, கிரேன் மேலேர்ந்து இப்படித்தான் தெரிவே.”

“கால் ஒடிஞ்சு படுத்திருந்தப்பவும் இதெல்லாம் ஞாபகம் இருந்துச்சா?”

“இனிமே ஏற முடியாதுல்ல. அதான் வரைஞ்சேன்.”

ஸ்டாப் வந்தது. அவர் எழவில்லை.

“கண்காட்சியில படம் வைக்கிறவங்க எல்லாம் ஓவியம் படிச்சு வரைஞ்சவங்க. திரும்பிடலாமா?”

“அவங்கள்ல எத்தனை பேரு அவ்ளோ ஒசரத்துல ஒக்காந்து வேலை பாத்திருக்காங்க? எறங்குங்க.”

ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு மனைவி முதலில் இறங்கினார். கணவர் காலைத் தாங்கித் தாங்கிப் பின்னால் போனார்.