பயந்தால் பிடிக்கும் கை

அந்த உப்பு ஏரிப் படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மகளே. டீ எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றியிருக்கிறேன். தீரத் தீர ஊற்றுவேன்; சீக்கிரம் எழுந்து போய்விடக் கூடாது.

கலீமா வீட்டில் நாங்கள் கடைசியாகப் பார்த்த படம் அது. ஒரு கூட்டம், உப்பு ஏரிக் கரையில் தனியாக வாழ்கிறது. கூட்டத்தை விட்டுப் போக நினைப்பவர்களை ஏரியில் இறக்கிவிடுகிறார்கள். கதை மோசமில்லை. ஆனால் அந்தத் தலைவனின் தாடியைப் பார்த்தால் அன்று காலைதான் கழுவிக் காயவைத்தது மாதிரி இருக்கிறது. ரத்தமோ பீட்ரூட் சூப். அதற்கு முன் பார்த்த பிரசவ ஆஸ்பத்திரிப் பேய்ப்படம் எவ்வளவோ தேவலை, அந்தத் தாதிப் பேய் வாயைத் திறக்கும்வரை. பேய் பேச ஆரம்பித்தால் பாதி பயம் போய்விடும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு பழைய படம். ரப்பர் பூதத்தின் முதுகில் ஜிப் தெரியும். ஆனாலும் எடுத்தவர்கள் மனசு வைத்து எடுத்திருந்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால் சொல்வேன்: கொல்பவர் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. வீட்டில் பழகியவராக இருக்க வேண்டும். போர்வையை இழுத்துப் போர்த்திவிடுகிற கையாக இருக்க வேண்டும்.

எங்கள் ஷெரினேயை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் அம்மாவும் தன் தோழிகளோடு ஒன்று வைத்திருப்பார். முறை வைத்து ஒவ்வொருத்தி வீட்டிலும் விருந்து. மற்றவர்கள் ஷெரினேயில் மருமகளைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் திகில் படம் பார்ப்போம். அதைத் தொடங்கியது நான்தான். யார் முறையோ அவள் வீட்டில் மதியத்திலேயே திரையை இழுத்துவிட்டுப் படம் போடுவோம். முடிந்ததும், கறி வருவதற்குள், ஒவ்வொருத்தியும் கருத்து சொல்ல வேண்டும். கடைசியில் நான் சொல்வேன். எல்லோரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள்.

சாய்ராகுல் என் பக்கத்தில் உட்காருவாள். தையல் ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து என் பக்கம்தான். அவளுக்குப் பயம் வந்தால் என் கையைப் பிடிப்பாள். நகம் பதியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பிறை பிறையாகச் சிவந்திருக்கும். என் கணவர் உயிரோடு இருந்தபோது, "பூனை வளர்க்கிறியா?" என்று கேட்பார்.

கலீமா மாஸ்கோவிலிருந்து வந்தாள். பல வருடம் அங்கே ஒரு சினிமா தியேட்டரில் துப்புரவு வேலை. சாய்ராகுல்தான் அவளைக் கூட்டிவந்தாள். முதல் படத்திலேயே, பேய் கிணற்றிலிருந்து ஏறும்போது கலீமா சொன்னாள்: "ஐயோ பாவம், துண்டு குடுங்கடி அவளுக்கு, சளி பிடிச்சுக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொறாமைக்காரியாக இருந்தால் சிரித்திருப்பேனா?

பிறகு படம் ஓடும்போதே, "கலீமா என்ன சொல்றா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் கருத்து சொல்லும் நேரம் வந்தால் எங்களில் ஒருத்தி, உல்கான், பாத்திரம் எடுக்க எழுந்து போவாள். உல்கான் போனால் போகிறாள். ஆனால் ஒரு நாள் சாய்ராகுல், "அக்கா, எனக்கு இங்கிருந்து திரை சரியாத் தெரியல," என்று சொல்லி எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கலீமாவுக்குப் பக்கத்தில். அன்றைய படத்தில் ஓர் இடத்தில் அவள் அலறினாள். இருட்டில் நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் கை எங்கே போகிறது என்றுதான் பார்த்தேன்.

அடுத்து சாய்ராகுல் வீட்டு முறை. ஆடு அடித்திருந்தாள். வால் பக்கத்து எலும்பு யாருக்குப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயதில் மூத்தவள் நான். தட்டோடு வந்தவள் என்னைத் தாண்டிப் போய்க் கலீமா முன்னால் வைத்தாள்.

"என்னடி இது, அக்கா இருக்கறப்ப எனக்கா?" என்றாள் கலீமா.

"இன்னைக்கு நல்லா சிரிக்க வெச்சது நீதானே. அக்கா கோவிச்சுக்க மாட்டாங்க. இல்லக்கா?"

"இதுல கோபம் என்ன," என்றேன். எனக்கு விலா எலும்பு வந்தது. சாப்பிட்டேன். கறி நன்றாக வெந்திருந்தது.

கலீமாவிடம் ஒரு கெட்ட பழக்கம். அவள் இருந்த ஊரில் சூட்டுக்குச் சுவரோடு குழாய் ஓடும்; நிலக்கரி அடுப்பு அவளுக்குப் பழக்கமில்லை. புகைக்குழாய்த் தகட்டைச் சீக்கிரமே உள்ளே தள்ளிவிடுவாள். "சூடெல்லாம் வானத்துக்குப் போகுதே அக்கா, அங்க யாரு குளிர்றாங்க?" என்பாள். கரியில் நீலச் சுடர் ஆடி அடங்கும்வரை தகட்டைத் தொடக் கூடாது, விஷப்புகை அறையிலேயே தங்கிவிடும் என்று இங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். நாங்கள் எல்லோரும் அவளைத் திட்டியிருக்கிறோம். சாய்ராகுல் உங்களிடமும் சொல்லியிருப்பாள், அழுதுகொண்டே.

உப்பு ஏரிப் படத்தன்று கலீமாவின் கருத்து இது: "அந்த சாமியாருக்குப் பதிலா உல்கான் அக்காவோட மாமியாரைப் போட்டிருக்கணும். அரை மணியில படம் முடிஞ்சிருக்கும். மொத்தக் கூட்டமும் தானே ஏரியில குதிச்சிருக்கும்." உல்கானே கண்ணீர் வரச் சிரித்தாள். நான் தாடியைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் இன்னும் மாமியாரை விட்டு வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கிளம்பினார்கள். பாத்திரம் கழுவ நான் தங்கினேன். தங்குவதாக யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கலீமாவுக்குக் காலையிலிருந்தே தலைவலி. "நீ படு, நான் பாத்துக்கறேன்," என்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் மெத்தை விரித்துப் படுத்தாள். குளிராமல் இருக்கப் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன். அடுப்பில் கரி போட்டேன். அது பிடித்து, நீலமாக ஆடத் தொடங்கியதும் தகட்டைத் தள்ளினேன். இரும்பு கொஞ்சம் கிறீச்சிட்டது. படத்தில் அந்த இடத்தில் வயலினெல்லாம் போடுவார்கள். தேவையே இல்லை.

அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே பேசினாள்.

"அக்கா, உங்கள ஒண்ணு கேக்கணும். இத்தனை படத்தைப் பத்தி உங்களுக்கு எப்படிச் சொந்தமாத் தோணுது?"

"ஏன், உனக்குத் தோணலையா?"

"எனக்கு எங்க. தியேட்டர்ல விளக்குப் போட்டதும் வாளியோட உள்ள போவேன். ஜனங்க வெளிய வர்றப்ப பேசிக்கிட்டே வருவாங்க. அதத்தான் மாத்தி மாத்திச் சொல்றேன். ஒரு படம் முழுசாப் பாத்தது இங்க வந்துதான். அடுத்த தடவை சாய்ராகுல்கிட்ட உண்மையச் சொல்லிடறேன். அந்த எலும்பு அன்னைக்குத் தொண்டையிலயே நின்னுச்சுக்கா."

"தூங்கு," என்றேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். தகட்டை வெளியே இழுத்திருக்கலாம். கைப்பிடி சூடாக இருந்தது. துணி சமையலறையில் இருந்தது. அதை எடுக்கப் போனேன்; எடுத்தும் வந்தேன். நனைத்து, வெளியே வந்து, கதவின் கீழ் இடுக்கில் செருகினேன். பனி விழ ஆரம்பித்திருந்தது. மெதுவாகத்தான் நடந்தேன். மறுநாள் காலையில் முதலில் போய்க் கதவைத் திறந்தவளும் நான்தான். துணியை எடுத்துவிட்டுத்தான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பொறாமை என்றால் அவளிடம் இருந்ததை நான் விரும்பியிருக்க வேண்டும். அவளிடம் ஒன்றுமே இல்லை, மகளே, அவளே சொல்லிவிட்டாள்.

நீங்கள் போலீஸிலிருந்து என்னிடம் கையெழுத்து வாங்கத்தான் வந்தீர்கள். விபத்து, தகட்டை அவளே தள்ளிவிட்டாள் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நானும் போட்டுவிட்டு இன்னொரு கிண்ணம் டீ ஊற்றியிருப்பேன். ஆனால் போன ஷெரினேயில் அவள் இடத்தைக் காலியாக விட்டு, அதன் முன்னால் தட்டு வைத்து, வால் பக்கத்து எலும்பை அதில் வைத்தார்கள். படம் பாதியில் நின்றது. அவள் சொன்னதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்து அழுதார்கள். சாய்ராகுல், கலீமா உட்காரும் அந்தக் காலி மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். என் கை அங்கேதான் இருந்தது.

அதனால் அதைத் திருத்தி எழுதுங்கள். தள்ளியது நான்.

சாய்ராகுலிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். இந்தக் குளிர்காலத்தில் அவள் கேட்டதிலேயே பயங்கரமான கதை இதுவாகத்தான் இருக்கும். என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், கடைசியில் சொல்லுங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கேட்டதும் உங்கள் கையைப் பிடிப்பாள். நகம் கொஞ்சம் பதியும். விலக்கிக்கொள்ளாதீர்கள்.