பால் ஊற்றாத குழிகள்

பெரிய நாட்டார் பொன்னுரங்கம் அவர்களே, ஏரி தாண்டித் தோணியில் வந்திருக்கும் மரைக்காயர் பெருமக்களே, இன்று கடலுக்குப் போகாமல் இங்கே கூடியிருக்கும் பங்காளிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் இந்தக் கிழவனின் கும்பிடு.

என் அண்ணன் மகன் சடையனுக்கு இன்று கருமாதி முடிந்தது. வலைக்காரன் சடையன் என்று சொன்னால் போதுமா? போதாது. கேள்விக்காரன் சடையன் என்று சொல்ல வேண்டும்.

ஒல்லாந்தர் கோட்டையில் இடி விழுந்து கொடிமரம் முறிந்த வருஷம், செத்த பங்குனி ஆமை ஒன்று கரை ஒதுங்கியது. ஆமையைக் குட்டியாண்டவர் என்று கும்பிடுகிறவர்கள் நாம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துப் புதைக்கப் போனோம். சடையன் கத்தியோடு வந்து நின்றான்.

"சாமி வயித்தயா கீறப் போற?" என்று நாட்டார் மறித்தார்.

"சாமி இன்னா சாப்பிட்டுதுனு பாக்க வாணாமா நாட்டாரே?"

கீறினான். உள்ளே நண்டின் ஓடும் இறால் தோலும் இருந்தன. "முட்டையிட நம்ம கரைக்கு வருது. சாப்பிட எந்தக் கரைக்குப் போவுது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அவன் மனைவி எல்லம்மாதான் பதில் சொன்னாள்: "வூட்ல இருக்கறவ சாப்பிட்டாளானு கேக்க மாட்டாரு. ஆமை சாப்பிட்டுதானு ஊரெல்லாம் கேப்பாரு." கரையே சிரித்தது. சடையனும் சிரித்தான்.

ஆனால் அடுத்த கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. தை மாதத்தில் முட்டைக் குழியைக் கண்டால் மணலை விலக்கிப் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி மூடுவது நம் வழக்கம். நம் கண்ணில் படாத குழிகளிலிருந்து குஞ்சுகள் கடலுக்குப் போயின. நாம் பூசை செய்த குழிகள் நாறின. ஏன் என்று அவன் கேட்டான். குற்றமா அது? குற்றம் என்றோம். ஒரு பருவம் முழுக்க வலையில் பங்கு கொடுக்காமல், அடுப்புக்கு நெருப்பும் கொடுக்காமல் தள்ளி வைத்தோம். அப்போதும் அவன் கேள்வியை விடவில்லை.

இந்தத் தையில் நாட்டார் ஒரு வார்த்தை சொன்னார். கோயிலுக்கு வடக்கே உள்ள குழிகளுக்குப் பால். தெற்கே உள்ளவற்றுக்கு வேண்டாம். தெற்கே குஞ்சு வராவிட்டால் சடையன் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக வேண்டும். "சரி நாட்டாரே" என்றான். குஞ்சு வரும் நாள் நெருங்கும்போது குளிர்காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

சாமி அடித்துவிட்டது, நாளைக்கே தெற்குக் குழிகளுக்கும் பால் ஊற்றிப் பரிகாரம் செய்வோம் என்று சிலர் பேசுவது என் காதில் விழுகிறது. அதே காய்ச்சலில் போன மாதம் பூசாரியும் போனாரே, அவரை அடித்தது எந்தச் சாமி?

காலையில் எல்லம்மாவிடம், "உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன். "இருக்குது மாமா. குஞ்சு வரலைன்னா மூட்டயக் கட்டிக்கினு நானே போறேன். ஆனா அவுரு கேட்டதுக்குப் பதில் இன்னானு தெரிஞ்சிக்கினு போறேன்" என்றாள்.

நாட்டாரே, பங்காளிகளே, இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன். தெற்கே மணல் தானாக அசையும்வரை நானும் எல்லம்மாவும் அங்கே காவல் இருப்போம். பால் குடத்தோடு வருகிறவர்கள் வரட்டும். குடத்தை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் பக்கத்தில் உட்காரட்டும். என்ன வருகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.