வேலி இல்லாத கிடார்

பிருந்தா: ...ரெண்டுல எதக் குடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க. கிடாரு வாங்க வர்ற திண்டிவனத்து ஆளு பஸ் ஏறி அர மணி நேரம் ஆவுது.

ஹரிஹரசுதன்: இரும்மே. இது இன்னா குக்கர் எடுக்குற விஷயமா? பாத்திரக் கடைக்காரன் பொண்டாட்டின்னு காட்டிடுற பாரு.

பிருந்தா: குக்கருன்னா விசில் வந்தா வெந்துச்சுன்னு தெரியும். உங்க கிடாருக்கு இன்னா அடையாளம்?

ஹரிஹரசுதன்: பேஸ் கிடாரு. வெறும் கிடாருன்னு சொல்லாத.

பிருந்தா: சரி, பேஸு. புதுசு வந்தா பழசு போவணும்னு பேச்சு. கட்டிலுக்கடியில ஒண்ணு, கட்டில் மேல ஒண்ணு... நான் கால் நீட்டிப் படுத்து ஒரு மாசம் ஆவுது.

ஹரிஹரசுதன்: ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாம பேசுற நீ. பழசு ஃப்ரெட்டு வச்சது. கழுத்துல குறுக்க குறுக்க பித்தளக் கட்டை பதிச்சிருக்கும், வீணை மெட்டு மாதிரி. ஒடம்புப் பக்கம் வரவர நெருங்கிக்கினே வரும். வெரல அப்படி இப்படி வச்சாலும் சுரம் சரியா வந்துடும்.

பிருந்தா: அது நல்லதுதானே?

ஹரிஹரசுதன்: நல்லதா? அது கலைஞனுக்குப் போட்ட வேலி. புதுசுல அந்தக் கட்டையே கிடையாது. வழுவழுன்னு வெறும் மரம்...

பிருந்தா: வேலி இருக்கும்போதே நீங்க பக்கத்து நெலத்துல மேஞ்சிட்டு வந்தவரு.

ஹரிஹரசுதன்: குறுக்க பேசாத. நம்ம ராஜகிரிக் கோட்டை மலையில படி புடிச்சி ஏறலாம், பாறை புடிச்சும் ஏறலாம். ரெண்டும் ஒண்ணா?

பிருந்தா: படியிலயே பாதியில உக்காந்து சோடா கேட்டீங்க.

ஹரிஹரசுதன்: அது வெயிலு. நான் சொல்ல வர்றது இன்னான்னா, எந்த எடத்துல தொடணும்னு காதுதான் சொல்லணும். கழுத்துல அடையாளம் போட்டுக்கினு வாசிக்கிறவன் கலைஞனே இல்ல. ட்ரம்ஸ் அடிக்கிற ஜெகதீஷ் கிட்ட கூட அடிச்சிச் சொல்லிட்டேன், நான் கண்ண மூடிக்கினுதான் வாசிப்பேன்னு.

பிருந்தா: அப்படியா... என் ஒட்டுப்பொட்டு அட்டை ஒண்ணு காணோமே, பாத்தீங்களா?

ஹரிஹரசுதன்: நடுவுல இன்னா பொட்டு? நான் இன்னா பொட்டா வச்சிக்கிறேன்?

பிருந்தா: இல்ல, கேட்டேன். சரி, அப்படி கண்ண மூடிக்கினு வாசிச்சவரு, தொண்டூர் கல்யாணத்துல ஏன்...

ஹரிஹரசுதன்: தொண்டூர் பேச்ச எடுக்காத.

பிருந்தா: நான் எங்க எடுத்தேன்? கடைக்கு வர்றவங்க எல்லாம் எடுக்குறாங்க. ரெண்டாவது பாட்டுலயே பொண்ணு வீட்டுக்காரங்க, ஜெனரேட்டர் பழுதாயிடுச்சுன்னு பின்னாடி போய்ப் பாத்துட்டு வந்தாங்களாம். பாடிக்கினு இருந்த யுவஸ்ரீ பாதியில நிறுத்திட்டு உங்களையே பாத்துச்சாம். ராஜாம்பாள் அக்கா எவர்சில்வர் தூக்கு வாங்க வந்துட்டு, தூக்க உட்டுட்டு இதத்தான் பேசினாங்க.

ஹரிஹரசுதன்: விமல்ராஜ் இன்னா சொன்னான், அத யாராச்சும் சொன்னாங்களா?

பிருந்தா: ஆர்கெஸ்ட்ரா ஓனரா? இன்னா சொன்னாரு?

ஹரிஹரசுதன்: ஞாயித்துக்கிழம அவலூர்பேட்டையில இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா, பேஸ கீபோர்டுலயே இடது கையில வாசிச்சிக்குவானாம். நான் வேணும்னா வந்து முன் வரிசையில உக்காந்து கேட்டுட்டு, பந்தியில சாப்ட்டுப் போவலாமாம். பதினெட்டு வருசமா மேடையில நின்னவன்மே நான். இன்னா, இதுக்குக் கிண்டல் இல்லையா?

பிருந்தா: இல்ல.

ஹரிஹரசுதன்: அதான் முடிவு பண்ணிட்டேன். புதுச அந்த ஆளுக்குக் குடுத்துடலாம். வேலியே இருக்கட்டும்.

பிருந்தா: அது வேணாங்க.

ஹரிஹரசுதன்: இன்னா வேணாம்? அது வந்த அன்னிக்கு, கட்டை பேந்துபோனத தலையில கட்டிட்டாங்கன்னு சிரிச்சவ நீ.

பிருந்தா: சிரிச்சேன். அப்பால தெனம் சாயந்திரம் கேட்டேன். பசுவு கன்னுக்குட்டியக் கூப்புடுற மாதிரி ஒரு இழுப்பு வந்துச்சு. வியாழக்கிழம வரைக்கும் நல்லாத்தான் வாசிச்சீங்க.

ஹரிஹரசுதன்: அது இன்னா வியாழக்கிழம வரைக்கும்?

பிருந்தா: சும்மா... வாயில வந்த கிழம.

ஹரிஹரசுதன்: நீ சொல்றதும் சரிதான். வெள்ளிக்கிழம கடையில சீர்வரிசைக் கூட்டம், தொடவே இல்ல. சனிக்கிழம நேரா மேடை. ஒரு நாள் உட்டதுக்கு இப்படி ஆவுமா? அன்னிக்கு மூடின பொட்டிய இன்னும் தெறக்கல நான். காது போச்சு பிருந்தா. நாப்பத்தேழு வயசாச்சு இல்ல.

பிருந்தா: காதெல்லாம் போவல. பக்கத்துத் தெருவுல குல்பி வண்டி மணி அடிச்சா மொதல்ல எழுந்திரிக்கிறது நீங்கதான்.

ஹரிஹரசுதன்: இரு, போன் அடிக்குது... அலோ... ஆமாங்க... பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டீங்களா? கடை வீதியில வந்து பாத்திரக் கடைன்னு கேளுங்க... ஒண்ணு இல்லிங்க, ரெண்டையுமே எடுத்துக்கோங்க... ஆமா, ரெண்டுமே. வாங்க.

பிருந்தா: இன்னாங்க இது... ரெண்டையுமா?

ஹரிஹரசுதன்: முன் வரிசையில உக்காந்து சாப்டுறவனுக்கு எதுக்கு கிடாரு?

பிருந்தா: பேஸு கிடாரு.

ஹரிஹரசுதன்: ...உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது.

பிருந்தா: சொல்லுங்க.

ஹரிஹரசுதன்: உன் பொட்டு அட்டைய எடுத்தது நான்தான்.

பிருந்தா: உம்.

ஹரிஹரசுதன்: கழுத்து ஓரத்துல, எனக்கு மட்டும் தெரியிற பக்கமா, பன்னெண்டு கருப்புப் பொட்டு. பழசப் பக்கத்துல படுக்க வச்சு, அந்த ஃப்ரெட்டுக்கு நேரா பாத்துப் பாத்து ஒட்டினேன். கண்ண மூடிக்கினு வாசிச்சதெல்லாம்... பாதிக் கண்ணுதான். தொண்டூர்லயும் பொட்டு மேலயேதான் வெரல வச்சேன், சத்தியமா. ஒண்ணு கூடத் தவறல. அப்படியும் ஜெனரேட்டர் சத்தம் வருதுன்னா, இன்னா அர்த்தம்? எனக்கு வரலன்னுதானே அர்த்தம்?

பிருந்தா: ரெண்டையும் குடுக்காதீங்க. புதுச சரி பண்றதுக்குப் பழசு வேணும்.

ஹரிஹரசுதன்: சரி பண்றதா? இன்னாத்த?

பிருந்தா: அந்த ஆளு வந்தா நல்ல குக்கரா ரெண்டு எடுத்துக் காட்டுங்க. இவ்ளோ தூரம் வந்தவரு வெறுங்கையோட போவ வேணாம்.

ஹரிஹரசுதன்: இன்னாத்த சரி பண்ணணும்னு கேக்குறேன்.

பிருந்தா: பொட்டு விஷயம் எனக்கு மொத வாரமே தெரியுங்க. கேட்டா கூச்சப்படுவீங்கன்னு உட்டுட்டேன். தொண்டூருக்கு முந்தின நாளு வெள்ளிக்கிழமையா... பூஜைக்கு வீடு தொடைச்சேன். அந்த ஈரத்துணியாலயே புதுசயும் ஒரு தொட தொடைச்சேன். பன்னெண்டு பொட்டும் துணியோட வந்துடுச்சு.

ஹரிஹரசுதன்: வந்துடுச்சா? சனிக்கிழம மேடையில எல்லாம் இருந்துச்சே?

பிருந்தா: இருந்துச்சு... உங்களுக்குத் தெரிய வேணாம்னு வேற அட்டை எடுத்து நான்தான் ஒட்டினேன். நீங்க ஒட்டினது கீழ வரவர நெருக்கி அடிச்சிக்கினு அசிங்கமா இருந்துச்சு, ஆம்பள கை வேலைதானேன்னு நெனச்சேன். இஞ்சு டேப்பு வச்சு, ஒண்ணரை இஞ்சுக்கு ஒண்ணா, வாசல் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி சமமா ஒட்டிட்டேன்.