முதல் சலவை

ஆசையாக வாங்கிய டீசர்ட் ஒரே சலவையில் சுருங்கிப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது, சார்? உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். பனியன் துணி இயல்பாகவே சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒரு துண்டைத் துவைத்துக் காயவைத்து அளந்து பார்ப்போம். சுருங்கினால் மொத்தத் துணியையும் ஆவியில் விட்டு அழுத்தி, சுருங்க வேண்டியதெல்லாம் எங்களிடமே சுருங்கி முடியும்படி செய்துவிடுவோம். இந்தத் திருமூர்த்தியின் சரக்கு திரும்பி வந்தது என்று திருப்பூரில் யாரும் சொன்னதில்லை.

இதைச் சொல்லாமல் என் மகள் சுபஸ்ரீயைப் பற்றிச் சொல்ல முடியாது.

என் மனைவி சாரதாமணிக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. பெண் பார்த்தபோது அவள் வீட்டார் அதை மறைத்துவிட்டார்கள். அவளுடைய அம்மா அந்த நோயில்தான் போய்ச்சேர்ந்தார் என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். சாரதாமணி சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். சோறு ஆறிப்போகும், குழந்தை அழும், எழுந்திருக்க மாட்டாள். சுபஸ்ரீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது சாரதாமணி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னோம். எனக்கு அழுகை வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது. இன்றும் அது அடங்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் குழந்தையைப் பார்த்து, "அம்மாளை அப்படியே உரிச்சு வெச்சிருக்குதுங்க" என்றார்கள். அவர்கள் முகத்தைச் சொன்னார்கள். நான் ரத்தத்தை நினைத்தேன். அம்மாவிடமிருந்து வந்தது ஒருநாள் வெளியே வரத்தான் போகிறது. அதற்கு முன்பே படவேண்டியதையெல்லாம் என் கையில் பட்டு முடித்துவிட்டால், பிறகு வாழ்க்கை அவளை எப்படித் துவைத்தாலும் தாங்குவாள். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அம்மாவைக் கேட்டு அழும்போதெல்லாம் அவளைக் கம்பெனியின் வேஸ்ட் குடோனில் வைத்துப் பூட்டுவேன். அங்கே வெட்டித் தள்ளிய துணிதான் கிடக்கும், விழுந்தாலும் அடிபடாது. வெளியே நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்திருப்பேன். "இனி அழுகமாட்டனுங்ப்பா, தொறங்ப்பா" என்பாள். அழுகை நின்ற பிறகுதான் திறப்பேன். அவள் ஆசையாக ஒரு வெள்ளாட்டுக் குட்டி வளர்த்தாள். அவளுடைய பிறந்தநாளுக்கு அதை அறுத்துக் குழம்பு வைக்கச் சொன்னேன். அவள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அது எந்தக் குட்டி என்று சொன்னேன். அம்மா ஏன் செத்தாள் என்று கேட்டபோது, "நீ ஓயாம அழுதீல்ல கண்ணு, அதுனாலதான்" என்றேன். கையை ஓங்கி ஓர் அடி அடித்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

வளர வளர அவள் அழுவதை நிறுத்தினாள். பிறகு சிரிப்பதும் குறைந்தது. இவ்வளவு அமைதியான பெண்ணைப் பார்த்ததில்லை என்று டீச்சர்கள் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் அவளும் சுவரைப் பார்த்துப் படுத்தாள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். "பரம்பரையில வர்றதுக்கு வாய்ப்பு இருக்குதுங்க. ஆனா அது இருக்கற எல்லாருக்கும் வர்றதில்லீங்க. சின்ன வயசுல அனுபவிச்ச கஷ்டமும் சேந்தாத்தான் பெரும்பாலும் இந்த அளவுக்குப் போகுது. ஊட்ல ஏதாவது நடந்துச்சுங்களா?"

"இல்லீங்க. ராணி மாதிரி வளத்துனமுங்க" என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரையில் அவள் தேறினாள். தரணீதரனுக்குக் கட்டிவைத்தேன். நோயைப் பற்றி அவர்களிடம் நான் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவன் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அவளே புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, மாப்பிள்ளை மாத்திரைகளை என் கையில் கொடுத்தார். "மாமா, ஒருநா கூட உடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லீருக்காருங்க. பொறந்ததுக்கப்புறம் இன்னும் கவனமா இருக்கோணுமாமுங்க. நீங்கதான் பாத்துக்கோணும்."

பணிவாகத்தான் சொன்னார். ஆனால் குறை எழுதி ஒட்டித் திருப்பியனுப்பிய சரக்கை வாங்குவது போல எனக்குக் கை கூசியது. அவ்வளவு பாடுபட்டு வளர்த்த பெண்ணுக்கு இன்னும் மாத்திரை வேண்டுமென்றால், நான் செய்ததற்கு என்ன அர்த்தம்?

பெண்குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்த அன்றே, டப்பாவில் இருந்த மாத்திரைகளை எடுத்துவிட்டு அதே அளவில் சத்து மாத்திரை போட்டுவைத்தேன். நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். வேளை தவறாமல் தண்ணீரோடு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குச் சந்தேகம் வந்தது. "மாத்தர மாறிப்போச்சாட்ட இருக்குதுங்ப்பா. தூக்கமே வரமாட்டீங்குது" என்றாள். அதே மாத்திரைதான் கண்ணு என்றேன். என்னை நம்பித்தான் விழுங்கினாள்.

கடைசியாக அவள் என்னிடம் பேசியது தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவள் தூக்கவில்லை. "பாப்பா அழுதா எனக்கு ஒண்ணுமே தோணமாட்டீங்குதுங்ப்பா" என்றாள்.

சார், அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. மாத்திரை இல்லாமலே தாங்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவள் உயிரோடு இல்லை. அவள் அம்மா போன மாதிரியே போய்விட்டாள்.

மாத்திரையை மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதைக் கொலை என்று எழுதுகிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. நான் தப்புச் செய்தது ஒரே இடத்தில்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஆரம்பித்தேன். அதற்குள் அவள் அம்மாவைப் பார்த்துப் பழகிவிட்டாள்.

பேத்தி இப்போது மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறாள். அவளும் அதே ஜாடைதான். லேசாகச் சிணுங்கினாலே தரணீதரன் ஓடிப்போய்த் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறாராம். அப்படித் தூக்க வேண்டாம் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சார்.