ஊசி இல்லாத மிஷின்

அதெப்படிங்க தம்பி, இவருக்கு ஒண்ணும் புரியலன்னு எழுதிட்டீங்க? பேச்சு வரலன்னு எழுதுங்க, நெசந்தான், ஒத்துக்கறேன். கத்திரிக்கோல் படத்தக் காட்டினா ப்பூங்கறாரு, சீப்பு படத்துக்கும் அதே ப்பூ. பக்கவாதம் வந்து ஒம்பது மாசமாச்சு, அந்த ஒரு ப்பூவ வச்சுத்தான் எங்க குடித்தனமே ஓடுது. அதுக்காக எம்புருஷனுக்கு உள்ள ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுமா?

இருங்க, பைய மூடாதீங்க. இனிமே வந்து பிரயோஜனம் இல்லங்கறீங்க, சரி. பேச்சுப் பயிற்சி குடுக்கறதே உங்க தொழில், உங்களுக்குத் தெரியாததா. ஆனா ஒரே ஒரு பதில் வேணும் எனக்கு. நாம சொல்றது அவருக்கு ஏறுதா இல்லியா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.

வார்த்த இருந்தாத்தான் உள்ள நெனப்பும் இருக்கும்னா சொல்றீங்க? அட போங்க தம்பி. எங்கண்ணன் மிஷின் சாமான் விக்கற கடையில இருந்தவரு. ஒவ்வொரு திருகாணிக்கும் பேரு, நம்பரு எல்லாம் கடகடன்னு ஒப்பிப்பாரு. ஊசியில நூல் கோக்கத் தெரியாது! இவரு முப்பது வருஷமா இந்த வாசப்பக்கத்து ரூம்ல தையல் மிஷின் ரிப்பேர் பண்ணினவரு. போன மாசம் பக்கத்து வீட்டுக்காரி, தையல் விட்டு விட்டு விழுதுன்னு மிஷினத் தூக்கிட்டு வந்துட்டா. உனக்கு நேரங்காலமே கெடயாதாடின்னு நான் தொரத்தப் பாக்கறேன், இவரு எழுந்து வர்றாரு. இடது கைதானே நல்லாருக்கு, அதால சக்கரத்த ரெண்டு சுத்து சுத்தி, காதச் சாய்ச்சுக் கேட்டாரு. அடியில கையவிட்டு ஒரு திருகாணிய அரை சுத்து திருப்பினாரு. அவ்ளோதான், தையல் முத்து முத்தா விழுது. அந்தத் திருகாணிக்குப் பேரு கேட்டிருந்தா ப்பூன்னுதான் இருப்பாரு.

வெறும் கைப்பழக்கமா? கைக்கென்ன தனியா மூளையா இருக்கு? சரி சரி, நீங்க படிச்சவங்க, நான் வாயாடி. சண்டைக்கு வரல. டீ ஆறுது, குடிங்க.

பொண்ணா? ஆமா, ஒரே பொண்ணு. வெளியூர்ல வேல. போட்டோவா, அது எதுக்கு? வீட்டு ஆளுங்க போட்டோ வச்சு ஒரு தடவ முயற்சி பண்ணலாம்னா... வேணாம் தம்பி. விடுங்க. வேணாங்கறேன்ல!

கோவமெல்லாம் இல்ல. அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க, அவரு அங்கதான் உக்காந்திருக்காரு.

வெளியூரும் இல்ல, வேலயும் இல்ல. இவர ஆஸ்பத்திரியில சேத்த நாலாம் நாள், மாத்துத் துணி எடுத்துட்டு வர்றேம்மான்னு வண்டியில கெளம்பினா. திருப்பத்துல லாரி. இருபத்தாறு வயசு. இவரு அப்ப கண்ணே தொறக்கல. கெட்ட சேதி எதையும் காதுல போடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு, நானும் தெருவு பூரா சொல்லி வச்சுட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு, அவளுக்கு வெளியூர்ல வேல கெடச்சிருச்சுங்கன்னு ஒரு பொய். ஒரு பொய்யோட நிக்குதா? தெனம் ஆறு மணிக்கு போன காதுல வச்சுக்கிட்டு அவரு முன்னாடி நிப்பேன். சாப்டியாம்மா, அப்பா நல்லாருக்காரும்மா, லீவு கெடைக்கலியான்னு நானே பேசி நானே வச்சிருவேன். உங்களக் கேட்டாளுங்கன்னு அவருகிட்ட திரும்பிச் சொல்லுவேன். தலையாட்டுவாரு. நம்பிட்டாருன்னு நெனச்சேன்.

முந்தாநேத்து நூல் தேடி அவ ரூமுக்குப் போனேன். எட்டு மாசமா அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல நானு. அவ பத்தாவது படிக்கறப்ப இவரே பழைய சாமானெல்லாம் சேத்துப் பூட்டிக் குடுத்த மிஷின் அங்க இருக்கு. போத்தின துணிய எடுக்கறேன், ஊசியக் காணோம். பெல்ட்டு எறங்கிக் கெடக்கு. இது இவரு பழக்கம் தம்பி, வேற ஒரு மெக்கானிக்கும் பண்ண மாட்டான். தைக்கற ஆளு செத்துப்போய் வீட்டுக்காரங்க மிஷினக் கொண்டாந்து போட்டா, மொதல்ல ஊசியக் கழட்டி, காகிதத்துல மடிச்சு, டிராயர்ல வச்சிருவாரு. பெல்ட்ட எறக்கிருவாரு. ஆளு போயாச்சு, அது எதுக்குத் தயாரா நிக்கணும்பாரு. உசுரோட இருக்கறவங்க மிஷினுக்கு ஒருநாளும் பண்ணினதில்ல.

டிராயரத் தொறந்தேன். ஊசி இருந்துச்சு, தேதி கிழிக்கற காலண்டர் தாள்ல மடிச்சு. தேதியப் பாத்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மூணாம் நாளு.

சத்தியமா யாரும் சொல்லல. என் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாரோ, அவ பல்லு தேய்க்கற பிரஷ் அங்கயே இருந்தத வச்சுத் தெரிஞ்சுக்கிட்டாரோ, நான் என்னத்தக் கண்டேன்? யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்காம, தன் வாயால ஒரு வார்த்த சொல்லாம, எட்டு மாசமா உள்ள வச்சுக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்காரு. பெத்தவங்க ரெண்டு பேரும் ஒரு நாளு சேந்து அழல தம்பி.

அதுக்குத்தான் கேக்கறேன். அவ இல்லன்னு அவருக்குத் தெரியும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் போன வச்சுக்கிட்டு ஆடின கூத்து, சொன்ன பொய்யி, அது புரிஞ்சுதா? இவ்ளோ நேரம் வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னவ இப்ப கெஞ்சறாளேன்னு பாக்காதீங்க. அது மட்டும் அவருக்கு ஏறவே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வெறும் சத்தமாத்தான் கேட்டிருக்கும்னு சொல்லுங்க.

தெரியலையா? உங்களுக்கே தெரியலையா.

ம்... நேத்தா? நேத்தும்தான் பேசினேன். திடீர்னு நிறுத்தினா நான் கண்டுபுடிச்சது அவருக்குத் தெரிஞ்சிருமே. ஆறு மணிக்கு போன எடுத்தேன், லீவு இன்னும் கெடைக்கலியாம், உங்களக் கேட்டாளுங்கன்னேன். எப்பவும் போலத் தலையாட்டினாரு.