மாப்பிள்ளை கொடுத்துப்போன சாவி

எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது, ஐயா. அதனால்தான் ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் வால்வு திறக்கிற வேலை பிடித்திருந்தது. பம்ப் அறை, இரும்புச் சாவி, நான். தண்ணீர் குடிக்கிற நாலு ஊருக்கும் என் முகம்கூடத் தெரியாது.

குழாயில் விரிசல் விட்டுத் தண்ணீர் நின்ற பிறகு தெரிந்துகொண்டார்கள். காலிக் குடங்களோடு வந்து, குழாயை உடைத்ததே நான்தான் என்பதுபோலத் திட்டினார்கள். ஒருத்தி குடத்தை என் காலடியில் வீசினாள். குனிந்து எடுத்து அவளிடமே கொடுத்தேன். எனக்குக் கோபம் வராது.

விரிசலை ஒட்ட வந்த வெல்டர் என் தங்கையின் கணவன். ஆள் தவழ்ந்து போகிற அளவு பெரிய குழாய். உள்ளேயிருந்துதான் ஒட்ட வேண்டும். கூட்டம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவனும் சும்மா இருக்கவில்லை.

"எங்க மச்சானைத் திட்டாதீங்க. ஒரு பக்கம் திருப்பினா சம்பளம், இன்னொரு பக்கம் திருப்பினா திட்டு. நடுவுல பாவம், தூங்கிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் மதியம், "முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஒரு சுத்து ஒட்டியாச்சு. மேல இன்னொரு சுத்து ஒட்டணும். நாளைக்கும் ஆகும் மச்சான்."

நாளைக்கும் அந்தக் கூட்டம். நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குழாய்க்குள் போகிறவன் வால்வு சாவியைக் கையோடு எடுத்துப்போவான். அப்போதுதான் வெளியே யாரும் தண்ணீரைத் திறக்க முடியாது. அன்று அவன் அதை என்னிடம் நீட்டினான்.

"தவழும்போது இடிக்குது. நீங்க இருக்கீங்களே, எனக்கென்ன பயம்."

அவன் உள்ளே தவழ்ந்து போனதும், கூட வேலை செய்த மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அவன் நுழைந்த வாயின் மூடியைப் போட்டு முடுக்கினேன். வால்வை ஒரே மூச்சில் திறக்கக் கூடாது, குழாய் தாங்காது. கொஞ்சம் திருப்பிவிட்டு, ஒரு கம்பியைக் குழாயில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தேன். தண்ணீர் ஓடுவதை அப்படித்தான் கேட்போம். மறுபடி திருப்பினேன். திரும்பி வந்தவர்கள் அவன் வேலையை முடித்துக் கிளம்பிவிட்டான் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் நாலு ஊருக்கும் தண்ணீர் போய்விட்டது. அவன் ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. கெட்டிக்காரன், அதை நான் எங்கேயும் சொல்லுவேன். மூன்றாவது ஊரின் தொட்டியில்தான் அவன் கிடைத்தான். அதற்குள் எல்லோரும் குடங்களை நிரப்பியிருந்தார்கள்.

ஊரே அதை விபத்து என்றது. நான் மறுக்கவில்லை. தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ளேயிருந்து கூப்பிட்டாராண்ணே?"

இல்லை என்றேன். முதலில் தட்டினான். பிறகு மச்சான், மச்சான் என்று கூப்பிட்டான். கம்பியில் தெளிவாகவே கேட்டது. அது அடங்கும்வரை கேட்டுவிட்டுத்தான் வால்வை முழுதாகத் திறந்தேன்.

கூடப் பிறந்தவளிடம் பொய் சொன்னது தப்புதான், ஐயா. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள்.